மரவள்ளி நெடி

இஞ்ஞாசியை எல்லாரும் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவரில்லை. ஜாலான் புசார் தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து ஒரு கம்பெனி நடந்துகொண்டிருந்தது. கப்பல்களிலும் கிடங்குகளிலும் விஷவாயு போட்டு எலியையும் பூச்சியையும் ஒழித்துக் கொடுப்பது அதன் தொழில். பின்னறையில் நாலு பெஞ்சும் ஒரு கரும்பலகையும் கிடக்கும். புதிதாகச் சேருகிற ஆட்கள் அங்கே மூன்று நாள் உட்கார்ந்து, எலியைக் கொல்கிற அந்த விஷம் ஆளையும் எப்படிக் கொல்லும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்தவர் இஞ்ஞாசி.

அவர் முதலில் அங்கே கிராணியாக, குமாஸ்தா வேலைக்குத்தான் சேர்ந்தார். மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்த இங்கிலீஷ் இருந்தது. 1954-ல் லண்டனிலிருந்து ஒரு நிபுணர் வந்து இரண்டு வாரம் வகுப்பு எடுத்தார். அவர் சொல்லச் சொல்ல இஞ்ஞாசி தமிழில் சொன்னார். அந்த விஷம் தகர டப்பாவில், அட்டை வில்லைகளில் ஊறி வரும். மூடியைத் திறந்து வில்லைகளைக் கப்பலின் அடித்தட்டில் வீசிவிட்டு, மேலே ஏறி எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும். விஷம் காற்றாகக் கிளம்பி மூலை முடுக்கெல்லாம் போகும். கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் திறந்து, நன்றாகக் காற்றோட விட்டு, ஒருவர் முதலில் இறங்கிச் சோதித்துச் சரி என்ற பிறகுதான் மற்றவர்கள் முகமூடி இல்லாமல் இறங்கலாம்.

சோதிப்பதற்கு ஒரு காகிதம் இருந்தது. விஷம் மிச்சமிருந்தால் அது நீலமாகும். ஆனால் காகிதத்தைவிட மூக்குதான் முக்கியம் என்று நிபுணர் சொன்னார். காகிதம் பிடித்த இடத்தை மட்டும் சொல்லும், மூக்கு ஆளோடு கூடவே நடக்கும்.

"கசப்பு பாதாம் வாசனை மாதிரி இருக்கும்" என்று இஞ்ஞாசி மொழிபெயர்த்தார்.

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நல்ல பாதாமே நாங்க பாத்ததில்ல, இதுல கசப்பு பாதாமா" என்றான் ஒருவன்.

நிபுணர் அடைப்பு போட்ட சின்னக் குப்பி ஒன்றை எடுத்து, மிக லேசாகக் கலந்த மருந்து இது, ஆபத்தில்லை என்று சொல்லி வரிசையாக நீட்டினார். ஒவ்வொருவராக மோந்து பார்த்துத் தலையாட்டினார்கள். காதர் மைதீன் என்ற நாகூர்க்காரர் மட்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இது மரவள்ளி நெடி. ஜப்பான்காரன் காலத்துல பச்ச மரவள்ளித் தோல உரிச்சா அடிக்குமே, அதுதான்" என்றார். உடனே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஜப்பான்காரன் ஆண்ட அந்த மூன்றரை வருஷம் மரவள்ளி உரிக்காதவர் அந்த அறையில் யாருமில்லை.

குப்பி கடைசியாக இஞ்ஞாசியிடம் வந்தது. அவருக்கு ஒன்றும் வரவில்லை. பச்சைத்தண்ணீர் மாதிரி இருந்தது. சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்து, மற்றவர்களைப் போலத் தலையாட்டிவிட்டுக் குப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தனியாக இருக்கும்போது அடைப்பைத் திறந்து ஆழ இழுத்துப் பார்த்தார். கீழே கடையில் இரும்புச் சாமான்களுக்குத் தடவியிருந்த எண்ணெயின் வாசம் வந்தது. தெருவில் யாரோ வறுத்த பெலாச்சான் என்ற இறால் விழுதின் வாசம் வந்தது. குப்பியிலிருந்து எதுவும் வரவில்லை.

அன்று மாலைதான் நிபுணர் கொடுத்த கையேட்டின் ஆறாவது பக்கத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். சிலருக்குப் பிறவியிலேயே இந்த ஒரு வாசனை மட்டும் தெரியாது, மற்ற வாசனையெல்லாம் தெரியும், அப்படிப்பட்டவரை எக்காரணம் கொண்டும் இந்த வேலையில் வைக்கக் கூடாது என்று அதில் இருந்தது. இஞ்ஞாசி அதை நல்ல தமிழில், அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதி முடித்தபோது நிபுணர் வந்து அவர் தோளைத் தட்டி, இனிமேல் வகுப்புகளை நீயே நடத்தலாம் என்று துரையிடம் சொல்லிவிட்டேன் என்றார்.

துரை என்பது விட்லாக், கம்பெனி மேனேஜர். அடுத்த வாரம் இஞ்ஞாசி கிராணி இல்லை, பயிற்சியாளர். லூர்து மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாலு பேர் நின்று அவரிடம் பேசினார்கள். மனைவி ஜோசபின் அவருக்கு இரண்டு வெள்ளைச் சட்டை தைத்தாள். தனக்கு வாசம் தெரியாததை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அப்புறம் என்பது வரவேயில்லை.

கப்பலில் சோதனைக்கு இறங்குவதும் அவர் பொறுப்புதான். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னே போவார், காதர் மைதீன் கூடவே வருவார். இரண்டாவது வருஷம் ஒரு நாள், இஞ்ஞாசி சரி என்று சொல்லப்போகும் நேரத்தில் காதர் அவர் முழங்கையைப் பிடித்து மேலே இழுத்தார். தட்டுக்கு வந்ததும், "அங்க நெடி மண்டைய பொளக்குது, வாத்தியாரே" என்றார். இஞ்ஞாசி கையிலிருந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க காகிதத்தப் பாருங்க. மூக்க நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நாலைந்து வருஷம் அப்படியே ஓடியது.

அழகப்பன் முதன்முதலாக வந்தது 1956-ல். முப்பத்தைந்து வயதிருக்கும். கல்லாங் பக்கம் அவன் வேலை பார்த்த ரப்பர் ஆலையை மூடிவிட்டிருந்தார்கள். மூன்று நாளும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். முகமூடியைப் போட்டுக் கழற்றுவதில் அவனை யாரும் மிஞ்ச முடியவில்லை. கடைசி நாள் குப்பியை நீட்டியபோது இரண்டு தரம் மோந்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வரலையே, வாத்தியாரே" என்றான்.

"நல்லா இழுத்துப் பாரு."

"இழுத்துட்டேன். பச்சத்தண்ணி மாதிரிதான் இருக்கு."

இஞ்ஞாசி பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே இல்லை என்று எழுதினார். அதற்கு முன்பும் சிலரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அழகப்பன் எழுந்து போகவில்லை.

"வருதுன்னு பொய் சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா?"

"கம்பெனி விதி, அழகப்பா. உன் நல்லதுக்குத்தான்."

"நல்லதுக்கா" என்று கேட்டுவிட்டு அவன் படி இறங்கிப் போனான்.

மூன்று வாரம் கழித்து அவன் மனைவி முத்தாயி இடுப்பில் குழந்தையோடு வந்து மாடிப்படியில் நின்றாள். ரோவல் ரோட்டில் ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் அவர்கள் குடியிருந்தார்கள். அவள் அழவில்லை. நியாயம் கேட்கிற மாதிரி பேசினாள்.

"எல்லா வேலையும் நல்லா செய்யிறாருன்னு நீங்களே சொன்னீங்களாம். வாசம் ஒண்ணுதான் தெரியல. கூட இருக்கிற பத்துப் பேருக்குத் தெரியும் இல்ல? அவங்க சொன்னா இவரு ஓடி வந்துட மாட்டாரா?"

தினமும் இஞ்ஞாசி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற சமாதானத்தை அவள் அப்படியே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வகுப்பு மாசக் கடைசியில. வரச் சொல்லு" என்றார்.

அழகப்பன் வந்தான். இந்தத் தடவை கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தான். குப்பி அவனிடம் வந்தபோது மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், முகத்தைச் சுளித்து, இஞ்ஞாசியை நேராகப் பார்த்து, "மரவள்ளித் தோல் நெடி" என்றான். அவனுக்கு முன்னால் ஆறு பேர் அதையே சொல்லியிருந்தார்கள். இஞ்ஞாசி, உண்டு என்று எழுதிப் பதிவேட்டை நீட்டினார். பயிற்சி முழுவதும் புரிந்தது, வாசனை தெரிகிறது, விதிகளை மீறினால் நானே பொறுப்பு என்று அச்சடித்த வரிக்குக் கீழே அழகப்பன் பெருவிரலைப் பதித்தான்.

நாலு வருஷம் அவன் நன்றாக வேலை செய்தான். அவன் பக்கத்தில் எப்போதும் காதர் மைதீனோ, ஹனீபா என்ற இன்னொருவனோ இருக்கும்படி இஞ்ஞாசி பார்த்துக்கொண்டார். காரணம் யாருக்கும் சொல்லவில்லை.

1960 மார்ச் மாதம் காதர் மைதீன் தங்கை கல்யாணத்துக்காகக் கப்பலேறி ஊருக்குப் போனார். அதே மாதம் சோதனைக் காகிதமும் தீர்ந்துபோனது. இஞ்ஞாசி விட்லாக்கிடம் போய்ச் சொன்னார்.

"இங்கிலாந்திலிருந்து வருகிறது. பத்து நாள் ஆகும்" என்றார் விட்லாக்.

"அதுவரை வேலையை நிறுத்தி வைக்கலாமா, ஐயா?"

விட்லாக் பேனாவைக் கீழே வைத்தார். "இஞ்ஞாசி, ஆறு வருஷமாக இவர்களுக்கு மோந்து பார்க்கக் கற்றுக் கொடுக்கிறாய். உன் மூக்கை நான் நம்புகிறேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் அவர்கள் இருவர் மட்டும்தான் இருந்தார்கள். இஞ்ஞாசி, சரி ஐயா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அந்தக் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தது. காலை ஏழு மணிக்குத் தட்டு மூடிகளைத் திறந்து பத்தரை வரை காற்றோட விட்டார்கள். காற்றே இல்லாத நாள். கப்பல் அதிகாரி இரண்டு தரம் வந்து கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனான். இஞ்ஞாசி முகமூடியோடு அடித்தட்டில் இறங்கினார். செத்த எலிகள் கிடந்தன. ஒரு மூலையில் பழைய சாக்குகளையும் தார்ப்பாயையும் மடித்துக் குவித்திருந்தார்கள். முகமூடியின் ஓரத்தை விரலால் லேசாகத் தூக்கி மோந்தார். தார் வாசம் வந்தது, எண்ணெய் வாசம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. வராது என்றும் அவருக்குத் தெரியும். ஹனீபாவைக் கூப்பிட்டு நீ ஒரு தரம் பார் என்று சொல்லலாமா என்று யோசித்தார். ஏன் வாத்தியாரே, நீங்க பாத்தாச்சே என்று அவன் கேட்பான். பத்துப் பேர் மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றரை மணி நேரமாகக் காற்று போகிறது, இதற்குமேல் என்ன இருக்கும் என்று நினைத்தார். தலை சுற்றவில்லை, கண் எரியவில்லை. மேலே வந்து, சரி என்று சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

முகமூடிகளைக் கழற்றி வைத்துவிட்டு நாலு பேர் வில்லைகளைப் பொறுக்க இறங்கினார்கள். அழகப்பன் வழக்கம்போல எல்லாருக்கும் முன்னால் போய், கோடியிலிருந்து தொடங்கினான். தார்ப்பாய்க்கு அடியிலும் வில்லை கிடக்கும் என்று அதை உருவினான். ஹனீபா ஏணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். ஏதோ நெடி அவன் மூக்கில் ஏறியது.

"அடிக்குது, அடிக்குது. ஏறுங்க எல்லாரும்" என்று கத்தினான்.

இரண்டு பேர் ஓடி வந்து ஏறிவிட்டார்கள். கோடியிலிருந்து அழகப்பனின் குரல் வந்தது. "இங்க ஒண்ணும் இல்ல லா." அப்புறம் சத்தமில்லை.

இஞ்ஞாசி முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கி அவனைத் தோளில் தூக்கி வந்தார். கையேட்டில் சொன்னபடி மருந்துக் குப்பியை உடைத்து மூக்கில் காட்டினார், மூச்சு ஊதினார். மோட்டார் படகு கரை சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அழகப்பனின் கன்னம் இரண்டும் நல்ல ரத்த ஓட்டம் உள்ளவன் போலச் சிவந்திருந்தன. அதைப் பார்த்து முத்தாயி முதலில் அவன் சாகவில்லை என்றே நினைத்தாள்.

மரண விசாரணை இரண்டு மாதம் கழித்து நடந்தது. முத்தாயி வெள்ளைச் சேலையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அவளுக்கு அவ்வப்போது குனிந்து தமிழில் சொன்னார். விட்லாக் பதிவேட்டைக் கொண்டுவந்திருந்தார். பெருவிரல் ரேகையையும், உண்டு என்று எழுதிய இடத்தையும் நீதிபதி பார்த்தார். சோதனைக் காகிதம் பற்றிய பேச்சு வந்தபோது, அது கூடுதல் வசதிதான், பயிற்சி பெற்ற மூக்கே முதல் பாதுகாப்பு என்று லண்டன் நிபுணரின் கையேட்டையே விட்லாக் படித்துக் காட்டினார்.

இஞ்ஞாசியைக் கூண்டில் ஏற்றினார்கள். பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

"நீங்கள் இறங்கிச் சோதித்தபோது வாயுவின் வாசனை வந்ததா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லை, ஐயா. எனக்கு எந்த வாசனையும் வரவில்லை."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி வரும் என்று இஞ்ஞாசி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உங்களுக்கு எப்போதாவது அந்த வாசனை வந்திருக்கிறதா என்று கேட்டிருந்தால் அன்று சொல்லியிருப்பேன் என்று பிற்காலத்தில் அவர் நினைத்துக்கொள்வதுண்டு. சொல்லியிருப்பாரா என்பது அவருக்கே நிச்சயமில்லை. யாரும் கேட்கவில்லை. சொன்னது சத்தியமான உண்மை. அதைச் சொல்லிவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்தார்.

ஹனீபா தான் கத்தியதைச் சொன்னான். இங்க ஒண்ணும் இல்ல என்று அழகப்பன் பதில் சொன்னதையும் சொன்னான். சோதனை முறையாக நடந்திருக்கிறது, தார்ப்பாய்க்குள் தங்கிய வாயு பிறகு கிளம்பியிருக்கிறது, முழுப் பயிற்சி பெற்ற தொழிலாளி நெடியையும் எச்சரிக்கையையும் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டார், இது தற்செயலான விபத்து என்று முடிவெழுதினார்கள். மொழிபெயர்ப்பாளர் குனிந்து முத்தாயியிடம் சுருக்கமாக, "உங்க வீட்டுக்காரரு கவனிக்காம இருந்துட்டாரும்மா" என்றார்.

காதர் மைதீன் ஊரிலிருந்து திரும்பி வந்ததும் இஞ்ஞாசியிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"யாரு மோந்து பாத்தது?"

"நான்தான், பாய்."

காதர் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் இஞ்ஞாசியோடு உட்கார்ந்து தேநீர் குடித்ததில்லை. கப்பலில் மட்டும் முன்போலவே கூடவே இறங்கினார்.

கம்பெனி இரக்கப்பட்டு முத்தாயிக்கு வேலை கொடுத்தது. மாடியைக் கூட்ட வேண்டும், பயிற்சிக்கு வருகிறவர்கள் போட்டுக் கழற்றிய முகமூடிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைக்க வேண்டும். குழாயடி பின்னறைக்கு வெளியே இருந்தது. உள்ளே பேசுவதெல்லாம் அங்கே கேட்கும்.

அடுத்த வருஷம் கையேட்டைப் புதுப்பித்தார்கள். விட்லாக் அதில் ஒரு பக்கம் சேர்த்திருந்தார். 1960-ல் அழகப்பன் என்ற தொழிலாளி, முழுப் பயிற்சி பெற்றிருந்தும், நெடியை அலட்சியம் செய்து, சக தொழிலாளியின் எச்சரிக்கையையும் மீறி உயிரிழந்தார், அவரைப் போல் இருக்காதீர்கள். இதையும் இஞ்ஞாசிதான் தமிழில் எழுதினார். முதல் வகுப்பில் பெயரை விட்டுவிட்டு, ஒரு தொழிலாளி என்று மட்டும் சொன்னார். பின்னால் உட்கார்ந்திருந்த விட்லாக்குக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் பெயர் தெரியும்.

"அழகப்பனை விட்டுவிட்டாயே" என்றார்.

இஞ்ஞாசி பெயரைச் சொன்னார். வெளியே தண்ணீர் விழுகிற சத்தம் நின்று, பிறகு மறுபடியும் கேட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னார். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, ஒரு விஷயத்தில் மௌனமாக இருந்துவிட்டேன், சுவாமி என்று மட்டும் சொன்னார். சாமியார் பரிகாரமாகப் பத்து முறை அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அதைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

1963-ல் ஒரு மத்தியானம் இஞ்ஞாசி குழாயடிக்குக் கை கழுவப் போனார். முத்தாயி முகமூடிகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் பள்ளிக்கூடம் போகிறாளா என்று பேச்சுக்குக் கேட்டார்.

"போறா. டீச்சர் சொல்றது காதுல ஏறலைன்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்ததும் நாலு போட்டேன்." முத்தாயி கயிற்றை இறுக்கிக் கட்டினாள். "உங்கப்பன் மாதிரி இருக்காதடி, அந்த மனுஷன் சொல்றதக் கேக்காமதான் நம்மள இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போனான்னு சொன்னேன்."

இஞ்ஞாசி கையைத் துடைக்காமல் நின்றார்.

"அழகப்பன் மேல தப்பில்ல" என்றார்.

"நீங்கதானே உள்ள நின்னு மாசா மாசம் சொல்றீங்க, அலட்சியம்னு."

"அவனுக்கு வாசம் தெரியாது."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நெடி தெரியாட்டி என்ன, ஹனீபா கத்தினது காதுல விழுந்துச்சு இல்ல? வர வேண்டியதுதானே."

"அவன் ஏன் வரலைன்னா, நான் சரின்னு சொல்லியிருந்தேன். வாத்தியார் பாத்தாச்சுன்னு நம்பிட்டான்." இஞ்ஞாசி குழாயை மூடினார். "எனக்கும் வாசம் தெரியாது, முத்தாயி. முதல் நாள்லேருந்தே தெரியாது. அன்னிக்கு நான் இறங்கினது கண் தெரியாதவன் இறங்கின மாதிரி."

முத்தாயி கையிலிருந்த முகமூடியைத் தொட்டியின் ஓரத்தில் வைத்தாள்.

"அன்னிக்கு கோர்ட்டுல அந்த ஐயா கேட்டாரே. அப்ப ஏன் சொல்லல?"

"பயம்."

"இப்ப பயமில்லையா?"

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"மூணு வருஷமா அவரத் திட்டிக்கிட்டிருக்கேன்" என்றாள் முத்தாயி. குரல் உயரவில்லை. "திவசத்துக்குச் சோறு வைக்கும்போதுகூடத் திட்டிக்கிட்டேதான் வைக்கிறேன். படத்த சுவத்துப் பக்கமா திருப்பி வச்சிருக்கேன். செத்த மனுஷன் மேல எனக்கிருந்த கோபமெல்லாம் உங்க மேல வர வேண்டிய கோபம், வாத்தியாரே. அத நீங்க வாங்கிக்கல, அவரு தலையில போட்டீங்க. நான் உங்க முகமூடியக் கழுவிக்கிட்டு நிக்கிறேன்."

"நான் என்ன செய்யணும்னு சொல்லு."

"உள்ள நின்னு அவரு பேரச் சொல்றீங்க இல்ல? அங்கயே சொல்லுங்க."

அடுத்த வகுப்பில் பதினாலு பேர் இருந்தார்கள். விட்லாக் வழக்கம்போலப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். குழாயடியில் சத்தமில்லை. முத்தாயி கதவோரம் நின்றிருந்தாள். இஞ்ஞாசி அழகப்பனைப் பற்றிய பக்கத்துக்கு வந்ததும் கையேட்டை மூடினார்.

"1960-ல அழகப்பன்னு ஒருத்தர் செத்துப் போனாரு" என்று தொடங்கினார். பெயரைக் கேட்டு விட்லாக் நிமிர்ந்து தலையசைத்துவிட்டு மறுபடியும் செய்தித்தாளுக்குப் போனார். "அவரு அலட்சியமா இருந்தாருன்னு இதுல போட்டிருக்கு. அது பொய். சோதிச்சு சரின்னு சொன்னது நான். எனக்கு அந்த வாசம் தெரியாது. தெரியாதுன்னு சொல்லாம ஒம்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன். அன்னிக்கு காகிதமும் இல்ல. அத வாங்கித் தராதது கம்பெனி. அவரு என்னை நம்பி இறங்கினாரு."

நடுப்பெஞ்சிலிருந்த ஒரு ஆள் மெதுவாகக் கேட்டான். "அப்ப நாளைக்கு எங்கள யார நம்பி இறங்கச் சொல்றீங்க?"

"என்ன கேட்கிறான்?" என்றார் விட்லாக் இங்கிலீஷில்.

இஞ்ஞாசி அவரைப் பார்த்தார். முத்தாயியையும் பார்த்தார். "வேலை எப்போது தொடங்கும் என்று கேட்கிறான், ஐயா" என்றார்.

"திங்கட்கிழமை என்று சொல்."

முத்தாயிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கேட்ட ஆளுக்குக் கொஞ்சம் தெரியும். அவன் இஞ்ஞாசியைப் பார்த்த பார்வையிலேயே, அவர் துரையிடம் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பதினாலு பேரும் பதிவேட்டில் பெருவிரல் வைத்துவிட்டுப் போனார்கள். வேலை கிடைப்பது அப்போது அவ்வளவு சுலபமில்லை.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு முத்தாயி உள்ளே வந்தாள்.

"தமிழ்ல சொன்னா துரைக்குப் புரியாதுன்னு தெரிஞ்சுதானே சொன்னீங்க" என்றாள். "இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க."

இஞ்ஞாசி அன்று சாயங்காலமே எழுதினார். இரண்டு பக்கம் வந்தது. ஒன்றை நீதிமன்றத்துக்கு அனுப்பினார், இன்னொன்றை விட்லாக்கின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். விட்லாக் படித்து முடிக்கும்வரை உட்காரச் சொல்லவில்லை.

"இதைக் கிழித்துவிடலாம்" என்றார் விட்லாக். "அன்று உனக்குச் சளி பிடித்திருந்தது என்று வைத்துக்கொள்வோம்."

"இல்லை, ஐயா."

"அப்படியானால் ஆறாவது பக்கம் என்ன சொல்கிறது? உனக்குத் தெரிந்திருக்குமே."

அந்த வாரக் கடைசியோடு அவரை நீக்கினார்கள். தகுதியில்லாதவர், தகுதியின்மையை மறைத்து ஏமாற்றியவர் என்று கடிதத்தில் காரணம் எழுதியிருந்தது. நீதிமன்றத்திலிருந்து மூன்று மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. விசாரணை முடிந்துவிட்டது, மறுபடி திறக்க இடமில்லை. முத்தாயி அதற்கு முன்பே வேலையை விட்டிருந்தாள். ஜோசபின் நாலு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. வேலை போனதற்காகவா, இத்தனை வருஷம் தன்னிடமும் மறைத்ததற்காகவா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பின்பு சிராங்கூன் ரோட்டில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்துகிற வேலை கிடைத்தது.

அறுபத்தைந்து கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் முத்தாயியைப் பார்த்தார். மீன் கடைக்கு முன்னால் மகளோடு நின்றிருந்தாள். ஒரு சலவைக்கடையில் வேலை செய்வதாகச் சொன்னாள். மகள் உயரமாக வளர்ந்திருந்தாள்.

"காதர் பாயைப் பார்த்தேன்" என்றாள் முத்தாயி. "அவருதான் இப்ப வகுப்பு எடுக்கிறாராம். அந்தப் புஸ்தகத்துல இன்னும் எங்க வீட்டுக்காரரு பேரு இருக்காம். படிக்காம தாண்டினா துரை விடமாட்டேங்கிறாராம்."

"நான் எழுதிக் குடுத்தேனே, முத்தாயி."

"குடுத்தீங்க" என்றாள் அவள்.

மீன்காரன் பொட்டலத்தை நீட்டினான். அதை வாங்கிக் கூடையில் வைத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, காய்கறிக் கடைகள் இருந்த பக்கம் போனாள்.